புள்ளிவிவரம்

டண்டீயில் நவம்பர்.
டே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
கின்வரி கோர்ட்டின் பதினோரு மாடிகளில்
மேல் நான்கைத் தின்று முடித்திருந்தது.

கீழே, மூடிப்போன சலவைக்கடைக்குள்
நகரசபை என்னை உட்காரவைத்தது:
மடக்கு மேசை, ஒரு தட்டு பிஸ்கட்,
சுவரில் குடியிருப்பின் வரைபடம்.
ஆளுக்கு மூன்று சிவப்புப் புள்ளிகள்.
எதைச் சரிசெய்ய வேண்டுமோ
அதன்மேல் ஒட்டுங்கள்.

மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து
ஒன்பது பேர் வந்தார்கள்.

செங்கா மக்லஷன் ஒன்பதாம் மாடியிலிருந்து
படிப்படியாக இறங்கி வந்தார்.
லிஃப்ட் மார்ச் மாதத்திலிருந்து ஓடவில்லை.
மூன்று புள்ளிகளையும்
ஒன்றின்மேல் ஒன்றாக லிஃப்டில் ஒட்டினார்.
"அப்படி ஒட்டினால் மேலிருந்து பார்க்க
ஒன்றுதானே தெரியும்" என்றேன்.
"மேலிருந்து மட்டும்தான் பார்ப்பீர்களா?"
இரண்டு பிஸ்கட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
ஏறப் போனார்.

வியெஸ்வாவா வெகுநேரம் வரைபடத்தின் முன் நின்றாள்,
விரல் நுனியில் புள்ளியோடு.
"என் அலமாரிக்குப் பின்னால் ஈரம்.
அது இதில் எங்கே இருக்கிறது?"
நான் வரைபடத்தைப் பார்த்தேன்.
அதில் மரங்கள்கூட இருந்தன.

ஆயிரத்திருநூறு புள்ளிகள் அச்சடித்திருந்தோம்.
செலவானவை இருபத்தேழு.
மீதி இருந்த பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு
கழிவறைக்குப் போய்த் திரும்பினேன்.
பிஸ்கட் இருந்தது. பெட்டி இல்லை.

திங்கட்கிழமை
கட்டடத்துக்கே அம்மை போட்டிருந்தது.
லிஃப்ட் பொத்தானில் ஒன்று.
ஆடும் கைப்பிடியில் ஆணி இல்லாத இடமெல்லாம் ஒன்று.
ஒற்றைச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சலில்,
ஒழுகும் குழாயில், எரியாத விளக்கில்,
எங்கள் தொலைபேசி எண் எழுதிய பலகையில்
அந்த எண்ணின் மேலேயே
ஏழு.

செவ்வாய்க்கிழமை ஆர்புரோத்திலிருந்து
ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள்.
கையில் வேலை ஆணை:
"குறியிட்ட இடங்கள் அனைத்தும்."
நான் எழுதிய வரி.
வரைபடத்தில் என்ற ஒரு சொல்லை
எழுத மறந்திருந்தேன்.

வாசலில் நின்று பார்த்தேன்.
தடுத்திருக்கலாம். போன் சட்டைப்பையில்தான் இருந்தது.
அவர்கள் ஒவ்வொரு புள்ளியாய்த் தேடிப்போய்
முடுக்கினார்கள், பூசினார்கள், மாற்றினார்கள்,
உரித்த புள்ளிகளைக் கணக்குக்காகத்
தங்கள் தலைக்கவசத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.
வெள்ளிக்கிழமைக்குள் இருவரும்
பெரும்புள்ளிகள் ஆகிவிட்டார்கள்.

பத்தாம் மாடியில் டால்கிலிஷ் வீட்டுக் கதவில்
கண் உயரத்துக்கு ஒரு புள்ளி.
கீல் சரியாக இருந்தது. பூட்டும் சரி.
குழம்பிப்போய்த் தட்டினார்கள்.
நெடுநேரம் கழித்துத் திறந்தது.
"என்ன பழுது?" என்றார் உள்ளே இருந்தவர்.
"தெரியவில்லை ஐயா. கதவு நன்றாகத்தான் இருக்கிறது."
போன பிறகும்
அவர் அதைச் சாத்தவில்லையாம்.
செங்கா சொன்னார். ஒட்டியது யாரென்று
நான் கேட்கவில்லை.

லிஃப்ட் ஒன்பது நாள் ஓடியது.
ஈரம் வேறு துறை.

அலுவலகத்தில் கேட்டார்கள், யார் அனுமதி?
இலக்கணப் பிழை என்றேன்.
அறிக்கையில் கட்டங்களை நிரப்பினேன்:
வந்தவர்கள் ஒன்பது. புள்ளிகள் இருபத்தேழு.
மற்றதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

அன்று மாலை பேருந்தில்
பின்னிருக்கைப் பெண் தோளைத் தொட்டாள்.
"உங்கள் கோட்டின் முதுகில் ஏதோ
சிவப்பாக ஒட்டியிருக்கிறது."

தெரியும் என்றேன்.
தெரியாது.
இறங்கும்வரை சாய்ந்து உட்காரவில்லை.